பிரியாத கும்பிடு

வடகாசிபுரம் தொகுதியில் யார் வீட்டுக் கல்யாணத்தில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்; உலகம்மாள் பஸ் சர்வீஸ் முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார், மொய் எழுதினார், பந்தியில் உட்கார்ந்து ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், போனார் என்பார்களே தவிர, கையெடுத்துக் கும்பிட்டார் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கலெக்டருக்கு ஒரு தலையசைப்பு, சம்பந்திக்கு ஒரு தலையசைப்பு, கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்த்து வலது கையை நெஞ்சில் வைத்து, நீயும் பிழைத்துக்கொள் என்கிற மாதிரி ஒரு பார்வை, அதோடு சரி. ஊரார் அதைத் திமிர் என்றார்கள். அவர் மனைவி உலகம்மாள் கூச்சம் என்றாள். அவரைக் கேட்டால், "கும்பிடணும்னா ரெண்டு கையும் வேணும்லா. எனக்கு ஒரு கையில எப்பவும் போன் இருக்கு" என்பார்.

மனைவி பெயரில் ஓடிய அந்த மஞ்சள் பஸ்கள்தான் அவருக்கு மூச்சு. எந்த பஸ் எந்த வளைவில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். ஒரு நிமிஷம் பிந்தினால் பின்னால் வருகிற போட்டி பஸ்காரன் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்பதால், டிரைவர்களுக்கு அவர் போட்டிருந்த உத்தரவுகளில் ஒன்று, மொட்டைப்பாறைக்குப் பாதை பிரிகிற விலக்கில் நிறுத்தக் கூடாது என்பது. மொட்டைப்பாறை சின்ன ஊர். ஏறுவது மூன்று பேர், நாலு பேர், அதுவும் பெட்டியும் சாக்குமாக. ஆகவே பஸ்கள் அங்கே வந்ததும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பறக்கும், மொட்டைப்பாறைச் சனங்கள் புழுதியில் நின்று கை காட்டும், பஸ் போய்விடும், அவர்கள் நடப்பார்கள். இப்படியே வருஷக்கணக்காக நடந்ததில் பஸ்ஸும் பழகிவிட்டது, கையும் பழகிவிட்டது, யாரும் யாரையும் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சி அரசியலுக்கு வந்ததும் இந்த நிமிஷக் கணக்கினால்தான். சேவை, தியாகம் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதைய எம்.எல்.ஏ.வின் மச்சினன் புதிதாக பஸ் விட்டான். விட்ட கையோடு அவனுடைய பஸ்களுக்குச் சில நிமிஷம் முந்தின நேரமாகப் போட்டுக் கொடுக்கப்பட்டது. உலகம்மாள் பஸ்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காலி இருக்கையையும் வாழைப்பழத் தோலையும் பார்த்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒரு நாள் காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "நான் சட்டசபைக்குப் போறேன். அதுக்குப் பொறவு என் டைமிங்கை எவன் மாத்துதான்னு பாப்போம்" என்றார். உலகம்மாள், "அதுக்கு முன்னால இட்லியத் தின்னுட்டுப் போங்க" என்றாள்.

வேட்புமனு கொடுக்கிற அன்று தாலுகா அலுவலக வாசலில் மேளமும் மாலையுமாகக் கூட்டம் நின்றது. மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அண்ணாச்சியின் காதில், கம்பெனி மேனேஜரும் இப்போது தேர்தல் ஏஜெண்டுமான குத்தாலிங்கம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, போட்டோக்காரன் நிக்கான். ஒரே ஒரு கும்பிடு."

"தலைய ஆட்டுனாப் போதாதா?"

"தலையாட்டுனா ஓட்டு வராது, அண்ணாச்சி. மனசுல நெனைக்க வேண்டாம், கையை மட்டும் சேத்தாப் போதும்."

அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மார்புக்கு நேராக வைத்து, கூட்டத்தைப் பார்த்தார். போட்டோக்காரன் எடுத்தான், மேளம் கொட்டியது, ஆட்கள் விசிலடித்தார்கள். அண்ணாச்சி கைகளை இறக்கப் பார்த்தார். இறங்கின, ஆனால் சேர்ந்தே இறங்கின, ஏறினபோதும் சேர்ந்தே ஏறின. அன்று பிற்பகல் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று, "உலகு, கை வரல" என்றார்.

உலகம்மாள் முதலில் நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தாள், பிறகு சோப்பு நுரை, பிறகு வெந்நீர். ஷெட்டிலிருந்து மெக்கானிக் வந்து கிரீஸ் போட்டுப் பார்த்து, நட்டு என்றால் சூடு காட்டிக் கழற்றிவிடலாம், முதலாளி கையைச் சூடு காட்ட முடியாதே என்று வருத்தப்பட்டுப் போனான். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வலது கை நன்றாக இருக்கிறது, இடது கையும் நன்றாக இருக்கிறது, எதற்கும் ஒன்றும் குறையில்லை என்று சொல்லி அனுப்பினார். கோயில் அர்ச்சகர் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்துக் கும்பிடு பாக்கி இருந்திருக்கும், சாமி ஒரே தவணையில் வாங்கிக்கொள்கிறது என்றார். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. தேர்தலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஆக வேண்டிய வேலை ஊர்ப்பட்டது கிடந்தது.

முதலில் சட்டைக்கு வழி செய்தார்கள். கை நுழைக்க முடியாத ஆளுக்குச் சட்டை மாட்டுவது எப்படி என்று டெய்லர் கசமுத்து ஒரு ராத்திரி யோசித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை பட்டன் வைத்து வெள்ளைச் சட்டைகள் தைத்துக் கொடுத்தார். போர்வையைப் போலப் போட்டு வரிசையாகப் பூட்டிவிடலாம். சோறு ஊட்டுவது உலகம்மாள் வேலையாயிற்று. பிரச்சாரத்துக்குக் கிளம்பிய பிறகு அது தொகுதியின் வேலையாயிற்று. ஏனென்றால் பசிக்கிற நேரத்தில் ஜீப் எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருப் பெண்கள் கும்பாவோடு வந்து, "வாயத் தொறங்க அண்ணாச்சி" என்று ஒரு வாய் கொடுத்தார்கள். மேலத்தெருவில் சொதி, கீழத்தெருவில் கருவாட்டுக் குழம்பு, காலனியில் கூழும் சுட்ட மிளகாயும், ராவுத்தர் தெருவில் நெய்ச்சோறு. கை ஊட்டிக்கொண்டிருக்கும், ஊட்டுகிறவள் வாயும் சும்மா இருக்காது. மருமகள் சண்டை, மருந்துக்கடைக்குப் போக நாலு மைல், குழாயில் காற்று மட்டும் வருகிறது, பையன் பெண் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான், எல்லாம் அவர் காதில் விழுந்தது. வாய் நிறையச் சோறு இருந்ததால் குறுக்கே பேசவும் முடியவில்லை. குறுக்கே பேசாத வேட்பாளரை அந்தத் தொகுதி அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

எதிராளிகள் விடுவார்களா? இது பசை என்றார்கள், நாடகம் என்றார்கள், பஸ் டயருக்கு ஒட்டுப் போடுகிற சரக்கு என்றார்கள். பழைய எம்.எல்.ஏ. ஒரு மேடையில், "அந்தக் கை என்னைக்காவது யாருக்காவது கொடுத்திருக்கா?" என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஒருத்தர், "இப்ப எடுக்கவும் முடியாதே" என்று கத்த, அன்றைய கூட்டம் அதோடு கலைந்தது. பறக்கும் படை அதிகாரிகளுக்கோ கொண்டாட்டம். ஆரத்தித் தட்டில் காசு போட முடியாத ஒரே வேட்பாளர் இவர்தான் என்று, இவருடைய ஜீப்பைக் கண்டால் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்கினபோது அண்ணாச்சி பஸ் கேட்டார், கட்டில் கிடைத்தது. "போறதுக்குக் கேட்டா படுக்கதுக்குக் குடுத்திருக்கானே" என்று குத்தாலிங்கம் புலம்பினார். ஆனால் சுவரில் வரைந்த கட்டில் யார் நினைவிலும் நிற்கவில்லை. அண்ணாச்சியின் சின்னம் அவருடைய மார்புக்கு முன்னாலேயே இருந்தது.

டீக்கடைகளில் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா எம்.எல்.ஏ.வுக்கும் ஓட்டுக் கேட்கிறபோது ஒட்டிக்கொள்கிற கைதான். எண்ணி முடித்து ஜெயித்ததாகச் சொன்ன நிமிஷம் பட்டென்று பிரிந்துவிடும். இவருக்கும் பிரியும் என்று ஒரு கட்சி. பிரியாது என்று ஒரு கட்சி. யார் சொன்னது சரியென்று பார்க்க வேண்டுமானால் ஆள் ஜெயித்தாக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது. அண்ணாச்சிக்கும் உள்ளூர அதே நம்பிக்கைதான். எப்படியாவது ஜெயித்துவிட்டால் கை வந்துவிடும், போனை எடுக்கலாம், முதுகைச் சொறியலாம், உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சினிமாவுக்குப் போகலாம் என்று, வாழ்நாளில் தோன்றாத ஆசைகளெல்லாம் அவருக்குத் தோன்ற ஆரம்பித்தன.

பிரச்சாரத்தின் கடைசிக் கட்டத்தில் ஜீப் மொட்டைப்பாறைக்குப் போனது. ஊரே ஆலமரத்தடியில் கூடியிருந்தது, சோறும் வைத்திருந்தார்கள். ஆனால் ஊட்ட வந்தவள் மாரித்தங்கம். வீட்டில் பீடி சுற்றி, சுற்றினதை ஓலைப்பெட்டியில் அடுக்கி, தினமும் வடகாசிபுரம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவளுக்குப் பிழைப்பு. நேரம் தப்பினால் கடையைச் சாத்திவிடுவார்கள்; மறுநாள் கொண்டுபோனால் இலை காய்ந்துவிட்டது என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். அதனால் தினமும் விலக்கில் நின்று உலகம்மாள் பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு, அது நிற்காமல் போன பிறகு நடந்து போகிறவள். அவள் சோற்றை உருட்டி அண்ணாச்சியின் வாய்க்கு முன்னால் கொண்டுவந்து, கொடுக்காமல் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஒங்க கும்பிடு எங்களுக்கு வேண்டாம். ஒங்க பஸ்ஸ நிறுத்துவியளா?"

"நிறுத்தச் சொல்லுதேன், எம்மா."

"சொல்லுவியளா, நிறுத்துவியளா?"

"நிக்கும்" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் உருண்டை வாய்க்குள் போனது. புளிச்சோறு, அதில் அவள் வறுத்துப் போட்டிருந்த நிலக்கடலையின் ருசி அவர் நாக்கில் அடுத்த மூன்று ஊர்களுக்குக் கூடவே வந்தது.

பிரச்சாரம் ஓய்ந்த அன்று மாலை ஒரு தேர்தல் அதிகாரி வீட்டுக்கு வந்தார். இனிமேல் ஓட்டுக் கேட்கக் கூடாது, கும்பிடுவது ஓட்டுக் கேட்பதாகும், ஆகவே கும்பிடக் கூடாது என்றார். கும்பிடாமல் இருக்க முடியாது என்பதைக் கண்ணால் பார்த்தபின், சிலைகளைத் துணி போட்டு மூடுகிற விதியை எடுத்து வாசித்து, உலகம்மாளிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தன் கையாலேயே அண்ணாச்சியின் கைகளைச் சுற்றி மூடினார். ஓட்டுப்போடுகிற அன்று அண்ணாச்சி அந்தத் துண்டோடுதான் வரிசையில் நின்றார். பார்த்தவர்களுக்கெல்லாம் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது, தெரிந்ததை மூடி வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதை அந்த அதிகாரி யோசிக்கவில்லை.

அண்ணாச்சி ஜெயித்தார். எண்ணுகிற இடத்துக்கு வெளியே வெடி வெடித்தது. பந்தயம் கட்டின இரண்டு கட்சிக்காரர்களும் சுவரில் ஏறி, மரத்தில் ஏறி, ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறி, அவருடைய கையையே பார்த்தார்கள். மேடையில் நின்று அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கை வரவில்லை. அதிகாரி சான்றிதழை அவருடைய அக்குளில் செருகினார். அப்புறம் எழுந்ததே ஒரு சத்தம், அப்படி ஒரு சந்தோஷத்தை வடகாசிபுரம் கண்டதில்லை. ஜெயித்த பிறகும் கும்பிட்டபடி நிற்கிற ஒரு எம்.எல்.ஏ. தங்களுக்குக் கிடைத்துவிட்டதாக எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அழுதவர் ஒருத்தர்தான், அது அண்ணாச்சி. இனி இப்படியேதான் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை. உலகம்மாள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் ஊர் ஊராக நன்றி சொல்லப் போனார்கள். முன்னால் மேளம், நடுவில் ஜீப், பின்னால் மோட்டார் சைக்கிள்கள். மொட்டைப்பாறை விலக்குக்கு வந்தபோது ஊர்ச்சனம் மாலையோடு ஓடிவந்தது. மாரித்தங்கம் மட்டும் வரவில்லை. ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டியபடி, ரோட்டில் தூரத்தில் வருகிற ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. நிறுத்தச் சொல்லுகிறேன் என்று சொன்னார் அல்லவா, அதைச் சொல்ல மறந்துவிட்டார். அத்தனை ஊரில், அத்தனை வாய்ச் சோற்றுக்கு நடுவில், தன் சொந்த டிரைவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை விட்டுப்போய்விட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கவலைப்படாத, எம்மா. என்னப் பாத்தா நிறுத்திருவான்."

பஸ் வந்தது. ஓட்டியவன் சுப்புக்குட்டி, கம்பெனியிலேயே பழைய டிரைவர். முதலாளி ரோட்டோரத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அவர்தான் ஒரு மாதமாகத் தொகுதி முழுவதும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாரே! சந்தோஷமாக ஒரு சலாம் வைத்து, வழக்கத்தைவிட நீளமாக ஹாரன் அடித்து, மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டிக்கொண்டு போய்விட்டான். புழுதி அடங்கினபோது எம்.எல்.ஏ.வும் மாரித்தங்கமும் ஒரே நிறத்தில் இருந்தார்கள்.

மாரித்தங்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். "கும்பிட்டா பஸ் நிக்காது அண்ணாச்சி. கை காட்டணும்."

குத்தாலிங்கம் ஓடிவந்தார். "ஜீப்புல ஏறுங்கம்மா, கொண்டு விட்டுருதோம்."

"இன்னைக்கு ஜீப்பு. நாளைக்கு?"

அண்ணாச்சி மேளத்தை நிறுத்தச் சொன்னார். மாலைகளைக் கழற்றிவிடச் சொன்னார். பிறகு மாரித்தங்கத்தைப் பார்த்து, "அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டார்.

"பஸ்ஸு ஒங்களுது. எங்கிட்டக் கேக்கியளே!"

அண்ணாச்சிக்கு அந்த நேரம் தெரியும், நிமிஷம்கூடத் தெரியும். ஆனால் அதை பஸ்ஸின் உள்ளேயிருந்துதான் தெரியும். வெயிலில், நிழலில்லாத விலக்கில், வயிற்றுப் பிழைப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அதே நேரம் எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு, சொல்லத் தெரியாத வெட்கம். ஊர்வலம் முழுவதும் அவரோடு நின்றது. மேளக்காரர்கள் மேளத்தின் மேலேயே உட்கார்ந்தார்கள். மாரித்தங்கம் கையை இறக்கவே இல்லை.

"பஸ்ஸுதான் போயிட்டே, கையை இறக்கேன் எம்மா, வலிக்காதா?"

"இறக்கப்படாது அண்ணாச்சி. அடுத்து வாரவன் தூரத்துலயே பாக்கணும்லா. இறக்குன கையைத் திரும்பத் தூக்கதுக்குள்ள அவன் தாண்டிருவான்."

அடுத்த பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அதே மஞ்சள், நெற்றியில் அதே உலகம்மாள். ஹாரன் தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இதுவும் நிற்காது என்று தெரிந்த மாரித்தங்கத்தின் முகத்தை அண்ணாச்சி பார்த்தார். பார்த்தவர், ஏ ஏ ஏ என்று கத்திக்கொண்டு ரோட்டுக்குள் இறங்கினார். பிரேக் அலறியது, டயர் நாறியது, பஸ் அவருக்கு முன்னால் குலுங்கி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, திறந்த வாய் மூடாமல், "அண்ணாச்சி, கை!" என்றான்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கை, விரல்களை விரித்துக்கொண்டு, தலைக்கு மேலே நீண்டு நின்றது. இடது கை கீழே தானாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். சொதியும் கருவாடும் நெய்யும் புளியும் கலந்து, இதுவரை அவர் கையால் தொடாத அத்தனை வீட்டுச் சோறும் அதில் மணத்தது. முதல் வேலையாக மாரித்தங்கத்தின் ஓலைப்பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பஸ்ஸுக்குள் கொடுத்தார். பிறகு இரண்டு கையாலும் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "போலாம் ரைட்" என்றார். மேளம் கொட்டத் தொடங்கியது, ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன, அண்ணாச்சி இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி, பஸ் திருப்பத்தில் மறைகிற வரை டாட்டா காட்டினார்.

அதற்குப் பிறகு மொட்டைப்பாறையில் நிற்காத பஸ் கிடையாது, எம்.எல்.ஏ. பஸ்ஸே நிற்கிறபோது நமக்கென்ன என்று போட்டிக்காரன் பஸ்ஸும் நின்றது. பந்தயம் மட்டும் தீரவில்லை. ஜெயித்த பிறகுதானே பிரிந்தது என்று ஒரு கட்சி, பஸ் நின்ற பிறகுதானே பிரிந்தது என்று ஒரு கட்சி, இரண்டும் இன்றைக்கும் அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சட்டசபை கூடினபோது தொகுதியே டிவிக்கு முன்னால் கூடியது. உலகம்மாள் வீட்டு முற்றத்தில் கூட்டம். முன்வரிசையில் மாரித்தங்கம் பீடி சுற்றிக்கொண்டே பார்த்தாள். டிவியில், சபையின் கடைசி வரிசையில் தோள் பட்டன் வைத்த வெள்ளைச் சட்டையோடு அண்ணாச்சி தெரிந்தார். அந்தச் சட்டைகளைத் தூக்கிப் போட உலகம்மாளுக்கு மனம் வரவில்லை. மருந்துக்கடைக்கு நாலு மைல் நடக்கிற ஊரைப் பற்றிக் கேட்பதற்காக அவர் கையை உயர்த்தினார். அமைச்சர் பார்க்காமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். அண்ணாச்சி கையை இறக்கவில்லை. இன்னொரு அமைச்சர் எழுந்து, பேசி, உட்கார்ந்தார். கை அங்கேயே நின்றது. நேரமில்லை, உறுப்பினர் அமரலாம் என்று குரல் வந்தது. அண்ணாச்சி மரியாதையாக அமர்ந்தார். கை மட்டும் அமரவில்லை. அவர் இடது கையால் அதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதும், அது வராததும், அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவுவதும் டிவியில் நன்றாகவே தெரிந்தது.

"இறக்காதிய அண்ணாச்சி!" என்று மாரித்தங்கம் டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

உலகம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "குத்தாலிங்கம், டெய்லர் கசமுத்துவ வரச் சொல்லுங்க. இந்தத் தடவ ஒரு கைக்கு மட்டும் பட்டன் வச்சாப் போதும்."